கோல்கீப்பர் செல்வியின் மூச்சு

மலை விமானத்துக்குக் கீழே இருக்கும் என்றுதான் நினைத்திருந்தேன். அது பக்கத்தில் இருந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்தால் இறக்கையின் நுனிக்கு நேராகப் பாறையும் வெள்ளையுமாக ஒரு சரிவு நகர்ந்துகொண்டிருந்தது. விமானம் ஒரு பக்கமாகச் சாய்ந்து திரும்பியபோது கண்ணை மூடிக்கொண்டு எனக்கு மனப்பாடமான சூராக்களையெல்லாம் ஓதினேன். பக்கத்து இருக்கையில் எங்கள் அணியின் கோல்கீப்பர் செல்வி சூயிங்கம் மென்றுகொண்டிருந்தாள். "அத்த, அந்தா ஆறு தெரியுது பாருங்க" என்றாள். நான் பார்க்கவில்லை.

இப்படித்தான் லடாக்கில் உள்ள லே நகரத்துக்கு வந்து சேர்ந்தேன். கல்லூரி மாணவியருக்கான தேசிய ஐஸ் ஹாக்கிப் போட்டி அங்கே நடந்தது. நான் மும்பைக் கல்லூரி அணி ஒன்றுக்கு மேனேஜர்.

மேனேஜர் என்றால் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். செம்பூரில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் கிளார்க்காக இருக்கிறேன். பெயர் மைமூன். வீடு தாராவியில். கணவர் அங்கே தோல் பை பட்டறை வைத்திருக்கிறார். சொந்த ஊர் தென்காசிப் பக்கம். நான் பயந்த சுபாவம். லிஃப்டில் தனியாக ஏற மாட்டேன். குர்லாவில் ரயில் கூட்டமாக வந்தால் அடுத்ததுக்கு நிற்பேன், அதுவும் கூட்டமாக வந்தால் அதற்கும் அடுத்ததுக்கு நிற்பேன். விளையாட்டு ஆசிரியை அந்தச் சமயம் கர்ப்பமாக இருந்தார். பெண்கள் அணியோடு ஒரு பெண் போயே ஆக வேண்டும். அலுவலகத்தில் மற்றவர்களுக்கெல்லாம் சின்னக் குழந்தைகள். பிரின்சிபல் என்னைக் கூப்பிட்டு, "நீங்கதானே ஜாக்கிரதையான ஆள்" என்றார். பயந்த ஆளுக்கு அப்படியும் ஒரு பெயர் உண்டு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

மும்பையில் ஐஸ் என்றால் மீன் மார்க்கெட்டிலும் கரும்புச்சாறு வண்டியிலும்தான் உண்டு. எங்கள் பெண்கள் செம்பூரில் ஒரு சிமெண்டுத் தளத்தில் சக்கர ஸ்கேட் மாட்டிக்கொண்டு ஹாக்கி ஆடிப் பழகியவர்கள். பனிக்கட்டியில் சறுக்கிப் பழக, கோச் காம்ப்ளே சார் அவர்களை ஒரு மாலில் இருக்கும் சின்னத் தளத்துக்கு அழைத்துப் போவார். பிறந்தநாள் கொண்டாட வந்த குழந்தைகள் போன பிறகுதான் இவர்களுக்கு இடம் கிடைக்கும். மேற்கு மாநிலங்களில் பெண்கள் அணி வைத்திருந்த கல்லூரிகள் ரொம்பக் குறைவு. அதனால் தேசியப் போட்டியில் எங்களுக்கும் இடம் கிடைத்தது.

செல்வி எங்கள் சந்துப் பெண். சந்து முனையில் அவள் அம்மா பேச்சியம்மாவின் மளிகைக் கடை. நாங்குநேரிப் பக்கத்துக் குடும்பம். வீட்டுப் பக்கம் செல்விக்கு நான் அத்தை, கல்லூரியில் மேடம். கிளம்பிய அன்று பேச்சியம்மா காதில் வைக்கப் பஞ்சும், ஒரு டப்பா முறுக்கும், ஊறுகாயும் கொண்டுவந்து என் பையில் திணித்தாள்.

"குளுருல காது அடச்சிரும்க்கா. வேற ஒண்ணும் ஆவாதுல்லா?"

"ஒண்ணும் ஆவாது" என்றேன். என்ன ஆகும் என்பது எனக்கு எங்கே தெரியும்.

முதல் நாள். விமான நிலையத்திலேயே ஒலிபெருக்கியில் சொன்னார்கள்: கடல் மட்டத்திலிருந்து நேராக வருகிறவர்கள் இரண்டு நாள் ஓய்வெடுக்க வேண்டும், ஓடக் கூடாது, மூச்சுத் திணறினால் உடனே மருத்துவரிடம் போக வேண்டும். அதைக் கேட்டதுமே எனக்கு மூச்சுத் திணறியது. பெட்டியை எடுக்கக் குனிந்து நிமிர்ந்தால் ஏணி ஏறி இறங்கியது போல இருந்தது. வெளியே வெயில் கண்ணைக் குத்தியது, ஆனால் அந்த வெயிலில் சூடே இல்லை. படம் வரைந்த வெயில் மாதிரி இருந்தது.

வண்டியில் உட்கார்ந்து வீட்டுக்குப் பேசலாம் என்று போனை எடுத்தால் அது செத்துக் கிடந்தது. எங்கள் பக்கத்து ப்ரீபெய்ட் சிம் எதுவும் அங்கே வேலை செய்யாதாம். அணியில் கோச்சின் போன் மட்டும் போஸ்ட்பெய்ட். அவர் அதில் எல்லோர் வீட்டுக்கும் ஒரே செய்தி அனுப்பினார்: வந்து சேர்ந்தோம்.

தங்குவதற்கு ஒரு வீடு ஏற்பாடாகியிருந்தது. வீட்டுக்காரர் பெயர் பத்மா என்றார்கள். மாட்டுங்காவில் கோயில் வாசலில் பூ வாங்கும் ஒரு மாமியைப் போல யாரையோ எதிர்பார்த்தேன். கதவைத் திறந்தவர் கன்னம் சிவந்து, கம்பளி அங்கிக்குள் உருண்டையாக நின்ற, வயதான லடாக்கிப் பெண். என் கையைப் பிடித்து உள்ளே இழுத்து, நடு அறையில் இருந்த இரும்பு அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார். குழாயில் தண்ணீர் கிடையாது, எல்லாம் உறைந்துவிட்டது. அடுப்பின் மேல் ஒரு பெரிய பாத்திரத்தில் பனிக்கட்டியைப் போட்டு உருக்கிக்கொண்டே இருந்தார். எங்கள் சந்தில் காலையில் தண்ணீர் வரும் கொஞ்ச நேரத்துக்குள் அடித்துப் பிடித்துப் பிடிப்போம். இங்கே தண்ணீர் கண்ணெதிரே இருக்கிறது, ஆனால் வெட்டி எடுத்து வர வேண்டும்.

உப்பும் வெண்ணெயும் போட்ட டீ கொடுத்தார். பெண்கள் ஒரு மிடறோடு நிறுத்திவிட்டார்கள். டீ என்று நினைக்காமல் சூப் என்று நினைத்துக்கொண்டதும் எனக்கு அது இறங்கிவிட்டது. ராத்திரி துக்பா என்கிற மாவுக்கஞ்சி மாதிரி ஒன்று. அதில் பேச்சியம்மாவின் ஊறுகாயைக் கலந்து செல்வி இரண்டு கிண்ணம் சாப்பிட்டாள். அன்றைக்கு அவளுக்கு ஒன்றுமில்லை. தலை வலிக்கிறது, வாந்தி வருகிறது என்று படுத்ததெல்லாம் நானும் இன்னும் இரண்டு பெண்களும்தான்.

இரண்டாம் நாள் ஓய்வு. மதியத்துக்குமேல் கடைத்தெருவுக்கு மெதுவாக நடந்தோம். காய்ந்த ஆப்ரிகாட் விற்கும் பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நான் விலை கேட்டபடியே செல்வியைத் தமிழில் அதட்டியதைக் கேட்டு, பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"எந்த ஊருக்கா?"

திரும்பினால் ஒரு ராணுவ வீரர். விருதுநகர்க்காரராம். மும்பை என்றேன். நம்பவில்லை. தாராவி என்றதும் நம்பினார். டீ வாங்கிக் கொடுத்தார். ஐஸ் ஹாக்கி ஆட வந்திருக்கிறோம் என்று சொன்னதும் பெண்களை ஒருமுறை பார்த்துவிட்டு என் பக்கம் குனிந்து பேசினார்.

"புள்ளைங்க ஆடட்டும். ஆனா நீங்க ஒண்ணு பாத்துக்கிட்டே இருக்கணும். தலவலி, வாந்தி எல்லாம் சரியாயிரும். இருமல் வந்து, படுத்தா மூச்சு முட்டுது, உக்காந்தாத்தான் தேவலன்னு சொன்னா மட்டும் யோசிக்கவே கூடாது. எச்சில்ல ரோஸ் கலரு தெரிஞ்சா நுரையீரல்ல தண்ணி கோத்திருச்சுன்னு அர்த்தம். எங்க ஆளு ஒருத்தன், கபடிக்காரன், என்னைவிட வாட்டசாட்டமா இருப்பான். அசால்ட்டா விட்டுட்டான்."

"அப்பறம்?"

அவர் டீயைக் குடித்து முடித்தார்.

அதற்குப் பிறகு அணியில் யார் தும்மினாலும் எழுந்து போய்ப் பார்த்தேன். கோச்சிடம் விரலில் மாட்டி ரத்தத்தில் ஆக்ஸிஜன் அளவு பார்க்கும் ஆக்ஸிமீட்டர் ஒன்று இருந்தது. அதை வாங்கி வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் நகம் பார்ப்பது போலக் காலையும் மாலையும் எல்லோர் விரலிலும் மாட்டினேன். பெண்கள் என்னைக் கேலி செய்தார்கள். கேப்டன் ரியா செம்பூர்ப் பெண், வாய்த்துடுக்கு. "மேடம், விரல் தேஞ்சுபோகும்" என்று இந்தியில் சொன்னாள்.

மூன்றாம் நாள் முதல் ஆட்டம். மலைக்குக் கீழே திறந்தவெளியில் தளம். சுற்றிலும் மரப் பலகை, அதற்குப் பின்னால் கம்பளிக்குள் ஊர் முழுக்க நின்றது. கறுப்பு ரப்பர் வட்டு ஒன்றைத்தான் மட்டையால் அடித்துத் துரத்துகிறார்கள். அதைப் பக் என்கிறார்கள். முந்தைய நாளே ஒன்றைக் கையில் வாங்கிப் பார்த்தேன். அம்மிக் குழவியை நறுக்கியது போலக் கனத்தது. அது பறந்து வந்து பலகையில் மோதும்போது துப்பாக்கி வெடித்த மாதிரி சத்தம். கோல்கீப்பரின் வேலை அதற்கு எதிரே போய் நிற்பது. எல்லோரும் விலகுகிற பொருளை நோக்கி ஒரு பெண் உடம்பைக் கொண்டுபோகிறாள். அவளைப் பார்க்க முடியாமல் நான் பாதி நேரம் பக்கத்தில் நின்ற போலீஸ்காரரின் தொப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் செல்வி ஆடினாள். காலில் தலையணை போல இரண்டு பட்டைகள், முகத்துக்குக் கம்பிக் கூண்டு, அதற்குள் அந்தப் பெண் வேறு யாரோ போல இருந்தாள். கடையில் சாக்குமூட்டைகளுக்கு நடுவே குறுக்கும் நெடுக்கும் புகுந்து வளர்ந்தவள். சின்ன இடத்தில் அவளைத் தாண்டி எதையும் அனுப்ப முடியாது. அன்றைக்கு ஜெயித்தோம். அடுத்த நாள் ஆட்டம் சமனில் முடிந்தது. அது போதும் என்றார்கள். மும்பையிலிருந்து போன, மாலில் ஆடிப் பழகிய பெண்கள் அரையிறுதிக்கு வந்துவிட்டார்கள். எதிரணி அந்த ஊர்க் கல்லூரிதான். நடக்கப் பழகும்போதே சறுக்கப் பழகியவர்கள்.

அன்று மாலை காம்ப்ளே சார் அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்து பெருமூச்சு விட்டுச் சிரித்தார். "தோற்றாலும் பரவாயில்லை, செல்வி மானத்தைக் காப்பாற்றிவிடுவாள்" என்றார். செல்வி லேசாக இருமினாள். புகை, என்றாள். எல்லோரும் அந்தப் புகைக்கு இருமிக்கொண்டுதான் இருந்தோம். விரலை நீட்டச் சொன்னேன். கை விறைத்திருந்ததாலோ என்னவோ கருவி எண்ணே காட்டவில்லை. காலையில் பார்க்கலாம் என்று போர்வைக்குள் போய்விட்டாள்.

மறுநாள் காலை ரொட்டி சாப்பிட எல்லோரும் வந்தார்கள். செல்வி வரவில்லை. சீக்கிரம் தயாராகிறாள் என்றாள் ரியா. என்னைப் பார்க்காமல் சொன்னாள். நான் மாடிப்படி ஏறினேன். மூன்று படிக்கு ஒருமுறை நின்று ஏற வேண்டியிருந்தது.

அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முதுகுக்குப் பின்னால் இரண்டு பேருடைய தலையணையும் இருந்தன. உதடு நாவல்பழம் தின்றது போல இருந்தது. தோள் மேலும் கீழும் போய் வந்தது.

"என்னட்டி இது?"

"ஒண்ணுமில்ல அத்த. படுத்தா... ஒரு மாதிரி வருது. உக்காந்தா ஓகே." ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவே மூச்சு வாங்கினாள். பிறகு இருமினாள். நெஞ்சுக்குள் தண்ணீர்க் குடம் தளும்புவது போல ஒரு சத்தம் கேட்டது. கையிலிருந்த காகிதக் கைக்குட்டையை மடித்துப் போர்வைக்கு அடியில் தள்ளினாள். நான் அதை எடுத்துப் பிரித்தேன். ரோஸ் நிறம்.

விரலில் கருவியை மாட்டினேன். முந்தின நாள் காலையில் எண்பத்தெட்டு காட்டியது. இப்போது அறுபத்திரண்டு.

அவள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "அத்த, ப்ளீஸ். சார்ட்ட சொல்லாதீங்க. இன்னைக்கி மேட்ச் மட்டும். முடிஞ்சதும் நானே ஆஸ்பத்திரிக்கி வாரேன். எங்க அம்ம மேல சத்தியமா."

"உங்க அம்மைக்கி நாந்தான் பதில் சொல்லணும்" என்று சொல்லிக் கையை விடுவித்துக்கொண்டேன்.

கீழே இறங்கினேன். கோச் ஷூவுக்கு லேஸ் கட்டிக்கொண்டிருந்தார். அவரிடம் கைக்குட்டையைக் காட்டினேன். அவர் முகம் வெளிறியது. ஆனாலும், "ஆக்ஸிஜன் டப்பா ஒன்று இருக்கிறது, கொடுத்துப் பார்ப்போம், ஒரு மணி நேரம் பொறுத்துப் பார்க்கலாமா?" என்றார். ரியா எழுந்து வந்தாள். "மேடம், சாதாரண இருமல். அவள் இல்லாமல் எப்படி? எங்களிடம் வேறு கோல்கீப்பரே இல்லை."

நான் வாழ்க்கையில் யாரிடமும் குரலை உயர்த்தியதில்லை. அன்றைக்கும் உயர்த்தவில்லை. "சார், நான் அவளக் கூட்டிட்டுப் போறேன். நீங்க என்ன வேணும்னாலும் பண்ணிக்கங்க" என்று தமிழில் சொன்னேன். பயத்தில் எனக்கு இந்தி மறந்துபோயிருந்தது. அவருக்குப் புரிந்துவிட்டது. டப்பாவை எடுத்துக்கொண்டு மாடிக்கு ஓடினார். வாசலில் நின்ற டாக்ஸிக்காரரிடம் நான் போனேன்.

டாக்ஸி கிளம்பவில்லை. டீசல் உறைந்துவிட்டது. ஓட்டுநர் நிதானமாக ஒரு தகரத் தட்டில் கரியைப் பற்றவைத்து எஞ்சினுக்கு அடியில் தள்ளினார். வண்டிக்குக் கீழே நெருப்பு வைப்பவரைப் பார்த்து நான் பின்வாங்கினேன். "இருபது நிமிடம்" என்றார். அங்கே எல்லோருக்கும் இருபது நிமிடம் சாதாரணமாக இருந்தது. மாடியிலிருந்து இருமல் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. பத்மா வேறு வண்டி தேடிச் சந்து முனைக்கு ஓடினார். அந்த வயதில், அந்த அங்கியோடு, அந்த உயரத்தில் அவர் ஓடியதை நான் மறக்க மாட்டேன்.

திரும்பி வரும்போது அவரோடு ஒரு பெண்கள் கூட்டமே வந்தது. எதிரணி. அவர்களுடைய பஸ் ஆட்டத்துக்குப் போகும் வழியில் சாலையில் நின்றிருந்தது. முன்னால் வந்தவள் அவர்களுடைய கேப்டன் ஸ்டான்சின். மெலிந்த, உயரமான பெண். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. மேலே போய்ச் செல்வியைப் பார்த்துவிட்டு, "நடக்க விடக் கூடாது. ஓர் அடிகூட" என்றாள். அடுப்படியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்து, அதில் அவளை உட்கார வைத்து, நான்கு பேர் தூக்கினார்கள். சந்தில் தரை கண்ணாடியாக உறைந்திருந்தது. நான் சுவரைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனேன். ஒவ்வொரு நொடியும் அவர்களில் ஒருத்தி வழுக்கப்போகிறாள் என்றே தோன்றியது. ஒருத்திகூட வழுக்கவில்லை.

பஸ்ஸில் ஸ்டான்சின் செல்வியைத் தன் மார்பில் சாய்த்து நிமிர்த்திப் பிடித்துக்கொண்டாள். நான் ஆக்ஸிஜன் டப்பாவைச் செல்வியின் மூக்கருகே பிடித்தேன். பாதி வழியில் அது தீர்ந்துவிட்டது. செல்வியின் கண் செருகத் தொடங்கியது. "ஏட்டி, கண்ணத் தொற. என்னப் பாரு" என்று கன்னத்தில் தட்டிக்கொண்டே வந்தேன். வழுக்காமலிருக்கச் சக்கரத்தில் மாட்டிய சங்கிலி பனியை அரைக்கும் சத்தம் மட்டும் கேட்டது. இவள் இந்தப் பஸ்ஸிலேயே போய்விட்டால் பேச்சியம்மாவின் கடை வாசலை நான் எப்படித் தாண்டுவேன் என்று நினைத்தேன். என் வீட்டுக்கு வேறு வழி கிடையாது.

அரசு மருத்துவமனையில் அவர்களுக்கு இது பழக்கம் போலிருக்கிறது. கேள்வி கேட்காமல் நாற்காலியோடு உள்ளே கொண்டுபோய் முகத்தில் மாஸ்க்கை மாட்டினார்கள். இளவயது டாக்டர் ஒருவர், லடாக்கிப் பெண், நெஞ்சில் குழலை வைத்துக் கேட்டுவிட்டு என்னிடம் வந்தார். "நல்ல வேளை, இப்போது வந்தீர்கள். இந்த நுரையீரலோடு விளையாடப் போயிருந்தால் தளத்திலேயே விழுந்திருப்பாள். ஆக்ஸிஜனில் வைக்கிறோம். ஆனால் இன்னும் ஆபத்து நீங்கவில்லை. முடிந்தவரை சீக்கிரம் கீழே கொண்டுபோக வேண்டும்."

ஸ்டான்சின் ஆட்டத்துக்குக் கிளம்ப வேண்டும். போகும்போது தன் போனை என் கையில் வைத்தாள். "வீட்டுக்குப் பேசுங்கள். ஆடும்போது எனக்கு இது எதற்கு?"

பேச்சியம்மாவின் எண் எனக்கு மனப்பாடம் இல்லை. ஆனால் கடைப் பலகையில் பெயருக்குக் கீழே பெரிதாக எழுதியிருக்கும். கண்ணை மூடிப் பலகையை நினைத்துக்கொண்டு ஒவ்வொரு எண்ணாக அழுத்தினேன். யாரோ உளுந்து கேட்டுக்கொண்டிருந்த சத்தத்தோடு அவள் போனை எடுத்தாள்.

"பேச்சி, நான் மைமூன் பேசுதேன்." அதற்கு மேல் ஒத்திகை பார்த்து வைத்திருந்ததெல்லாம் போய்விட்டது. "செல்விய ஆஸ்பத்திரியில சேத்திருக்கோம். மூச்சுத் திணறல். இங்க காத்து கம்மி, நெஞ்சுல தண்ணி கோத்துக்கிட்டு. ஆக்ஸிஜன் வச்சிருக்காங்க."

பேச்சியம்மா யாரிடமோ, "அப்பறம் வாங்க, கடை இல்ல" என்றாள். ஷட்டர் இறங்கும் சத்தம் கேட்டது.

"மூச்சு விடுதாளா?"

"விடுதா."

"முழிச்சிருக்காளா?"

"முழிச்சிருக்கா. பேச முடியாது, மாஸ்க் போட்டிருக்கு."

"அவ காதுல வைங்க."

ஸ்பீக்கரில் போட்டு வைத்தேன். திட்டுவாள், அழுவாள் என்று நினைத்தேன்.

"ஏளா, நீ பேசாண்டாம். நான் பேசுதேன், நீ மூச்சு மட்டும் விடு" என்றாள். பேச ஆரம்பித்தாள். மாடி வீட்டுக்காரி சர்க்கரை வாங்கிப்போய் அதில் எறும்பு இருக்கிறது என்று திருப்பிக் கொண்டுவந்தது, தண்ணீர் லைனில் நடந்த சண்டை, வடாலாவில் இருக்கும் சித்தி மோனோ ரயிலில் குடையை விட்டது, காலையில் வைத்த ரசத்தில் உப்பு கூடிப்போனது. நடுநடுவே, "விடுதியா? விடு" என்றாள். குரல் ஒரு முறைகூட உடையவில்லை. செல்வி கண்ணை மூடாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். கண்ணோரம் தண்ணீர் வழிந்து மாஸ்க்கின் ரப்பருக்குள் போனது. எவ்வளவு நேரம் பேசினாள் என்று தெரியாது. கட்டிலுக்கு மேலே இருந்த திரையில் எண் எழுபதைத் தாண்டி எண்பதைத் தொட்டபோதும் பேசிக்கொண்டுதான் இருந்தாள். அதன் பிறகு என்னைப் போனை எடுக்கச் சொன்னாள்.

"அக்கா, நீங்க ஏதாவது சாப்பிட்டீங்களா?" என்றாள். அப்போதுதான் நான் அழுதேன்.

மத்தியானம் ஸ்டான்சின் போனை வாங்க வந்தாள். கூடவே எங்கள் அணியும் வந்தது. தோற்றுவிட்டோம், எட்டு கோல். செல்வியின் பட்டைகளைக் கட்டிக்கொண்டு கோலில் நின்றவள் ரியா. கழுத்தில் ஓரிடம் கன்றிப்போயிருந்தது. "அழுதுகொண்டேதான் நின்றாள். ஆனால் ஒதுங்கவில்லை" என்று ஸ்டான்சின் என்னிடம் தனியாகச் சொன்னாள்.

ரியா வாசலிலேயே நின்றாள். நான் அருகே போனேன். "மேடம், முந்தாநாளிலிருந்தே அவளுக்கு இருமல். எனக்குத் தெரியும். ராத்திரி என் தலையணையை நான்தான் கொடுத்தேன்" என்றாள். பத்தொன்பது வயசுப் பெண். கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய்ச் செல்வியின் கட்டிலில் உட்கார வைத்தேன். பிறகு செல்வி தன் கழுத்தைத் தொட்டுக் காட்டி, என்ன என்று சைகையில் கேட்டாள். "பக்" என்றாள் ரியா. மாஸ்க்குக்குள் செல்வி சிரித்த மாதிரி இருந்தது.

மறுநாள் காலை விமானத்தில் எங்கள் இருவருக்கும் இடம் கிடைத்தது. ஆனால் விமானம் வரவில்லை. மலையில் மேகம் இறங்கிவிட்டது. டெல்லியிலிருந்து கிளம்பி, மேலே வந்து வட்டமடித்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டது என்றார்கள். நான் மருத்துவமனை ஜன்னலில் நின்று அந்தச் சத்தத்தைக் கேட்டேன். வந்து, சுற்றி, தேய்ந்துபோனது. இரண்டு நாளாகச் சாலையும் மூடிக்கிடந்தது. இந்த ஊரிலிருந்து இறங்க வழியே இல்லை என்பது உடம்பில் உறைத்தது. அன்றைக்கு ஒவ்வொரு வக்துத் தொழுகையிலும் ஒன்றே ஒன்றைத்தான் கேட்டேன். பத்மா துக்பா கொண்டுவந்தார். என்னோடு தரையில் உட்கார்ந்து தன் மணிமாலையை உருட்டினார். எங்களுக்குள் பொதுவான மொழி கொஞ்ச இந்திதான். அதற்கும் தேவை ஏற்படவில்லை.

அதற்கடுத்த நாள் வானம் துடைத்து வைத்தது போல இருந்தது. சின்ன சிலிண்டரோடு செல்வியைச் சக்கர நாற்காலியில் ஏற்றினார்கள். விமானம் அதே மலைகளுக்கு நடுவே சாய்ந்து எழுந்தது. இந்த முறை நான் மலையைப் பார்க்கவில்லை, அவள் விரலைத்தான் பார்த்தேன். கருவியில் எண் ஏறிக்கொண்டே வந்தது. விமானத்துக்குள் காற்று லேயைவிட அடர்த்தியாக இருக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். நான் நம்பவில்லை. வானத்தில் பறக்கும்போதா நன்றாக மூச்சு விட முடியும்? ஆனால் அப்படித்தான் ஆனது. டெல்லியில் ஒரு பகல் மருத்துவமனையில் வைத்துப் பார்த்துவிட்டு, போகலாம் என்றார்கள். அங்கே அவள் தன் காலால் நடந்தாள்.

மும்பையில் இறங்கியதும் ஈரக் காற்று முகத்தில் அப்பியது. மீனும் டீசலும் கலந்த கனத்த காற்று. அதை வாய் நிறைய இழுத்தேன்.

பேச்சியம்மா வெளியே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மகளைக் கட்டிக்கொள்ளவில்லை. அவளைத் திருப்பி நிற்க வைத்து, முதுகில் காதை வைத்துக் கேட்டாள். போகிற வருகிறவர்கள் எல்லாம் பார்த்தார்கள். கேட்டு முடித்ததும் நிமிர்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"டாக்டர் என்னக்கா சொன்னாங்க?"

"இனி அந்த ஒசரத்துக்குப் போனா ஒரு வாரம் முன்னாடியே போயி இருந்து பழகணுமாம். மாத்திர போட்டுக்கிடணுமாம். போகாம இருந்தா இன்னும் நல்லதுன்னாங்க." கடைசியைக் கொஞ்சம் அழுத்தியே சொன்னேன்.

பேச்சியம்மா மகளைப் பார்த்தாள். "நீ என்னளா சொல்லுத?"

"போவேன்" என்றாள் செல்வி.

பேச்சியம்மா ஒரு டாக்ஸியைக் கூப்பிட்டாள். டாக்ஸியில் பெட்டியை ஏற்றினாள். மகளை உள்ளே உட்கார வைத்துக் கதவைச் சாத்தினாள். பிறகு என் பக்கம் வந்தாள்.

"அப்ப அடுத்த வருசம் நீங்க ஒரு வாரம் லீவு சேத்தே எழுதிக் குடுத்திருங்கக்கா. நீங்க கூட இருந்தா நான் இவள அனுப்புவேன்."

சரி என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் மலைகளுக்கு நடுவே சாயும் அந்த விமானம் நினைவுக்கு வந்தது.